ஐந்து குண்டும் நூறு கெஜமும்

என் தொழில் ஓட்டை அளப்பது. துப்பாக்கி சுடுகிறவனைப் பற்றி ஊரில் நாலு பேர் பேசுவார்கள். சுட்ட குண்டு எங்கே பட்டது என்று பார்த்து எழுதுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. லெவல் கிராசிங்கில் கேட் சாத்துகிறவர்கள், ரிக்கார்டு அறையில் தூசிக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்கள், பயாஸ்கோப் கொட்டகையில் ஜனங்களுக்கு முதுகுப்பக்கம் நின்று படம் ஓட்டுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் நான் சொல்லப்போவது புரியும். நாமெல்லாரும் ஒரே ஜாதி. நாள் பூராவும் வேலை செய்வோம், பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காது.

எனக்கு ஒரே ஒரு ஆள் இருந்தார். அவரும் நூறு கெஜம் தள்ளி இருந்தார். எனக்கு இருந்த பெரிய பயம் அந்த ஒருவரும் இல்லாமல் போய்விடுவாரோ என்பதுதான். அதனால் செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வேலையைப் பற்றி.

குழிக்குள் உத்தியோகம்

மவுண்ட் ரோட்டில் ஒரு துப்பாக்கிக் கடை. சீமையிலிருந்து வரும் வேட்டைத் துப்பாக்கிகளையும், ரிப்பேர் ஆகிப் போகிறவற்றையும் சுட்டுப் பார்க்காமல் வாடிக்கைக்காரர் கையில் கொடுப்பதில்லை என்பது அந்தக் கடையின் பெருமை. சுட்டுப் பார்க்கும் இடத்தை ஊருக்குள் வைத்துக்கொள்ள முடியுமா? அடையாற்றைத் தாண்டித் தரமணிக்குப் போகிற வழியில் ஒரு பொட்டலைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு கோடியில் ஓலைக் கொட்டகை; அதில் மணல் மூட்டைகளின்மேல் துப்பாக்கியைச் சார்த்தி மஸ்தான் பாய் சுடுவார். மறு கோடியில் ஒரு பெரிய மண்மேடு, அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு குழி. குழிக்குள் நான். தலைக்கு மேலே ஒரு மரச்சட்டத்தில் அட்டையை ஏற்றி நிறுத்திவிட்டுச் சிவப்புக் கொடியை இறக்குவேன். பாய் சுடுவார். ஒவ்வொரு குண்டுக்கும், நீளக் குச்சியின் நுனியில் இருக்கும் தகட்டைத் தூக்கிப் பட்ட இடத்தைக் காட்டுவேன். ஐந்து குண்டு ஆனதும் அட்டையை இறக்கி, ஒன்றுக்கொன்று அதிக தூரத்தில் கிடக்கும் இரண்டு ஓட்டைகளைப் பிடித்து நடுவுக்கு நடு அளப்பேன். ஐந்து ஓட்டைகளும் சேர்ந்து விழுந்திருப்பதற்கு எங்கள் பாஷையில் கொத்து என்று பெயர். கொத்து மூன்று அங்குலத்துக்குள் அடங்கினால் துப்பாக்கி தேறியது. அட்டை துப்பாக்கியோடு போகும். அடங்காவிட்டால் தேறவில்லை, அட்டை என் தகரப் பெட்டிக்குள் போகும்.

இதற்கு மானேஜர் ஒரு சட்டம் போட்டிருந்தார். சுடுகிறவர் குழிப் பக்கம் வரக்கூடாது; அளக்கிறவன் துப்பாக்கியைத் தொடக்கூடாது. இரண்டு பேரும் கூடிப் பேசி அளவை மாற்றிவிட்டார்கள் என்று எவனும் சொல்லிவிடக் கூடாதாம். காலையில் பாய் துப்பாக்கிகளோடு கடை வண்டியில் நேரே கொட்டகைக்கு வந்துவிடுவார். நான் மயிலாப்பூரிலிருந்து நடந்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பின்பக்கமாகக் குழிக்கு வருவேன். சாயங்காலம் அட்டைகளைக் கொடுக்க, பின்பக்கப் பாதையோரம் வந்து நிற்கும் வண்டியண்டை போவேன். அவர் ஏறி உட்காருவதற்குள் இரண்டு நிமிஷம் பேச்சு. பதினோரு வருஷ சிநேகம் முழுவதும் அந்த இரண்டிரண்டு நிமிஷமாகச் சேர்ந்ததுதான்.

மந்தைவெளியில் இருக்கும் என் தங்கைக்கு இந்த வேலை பிடிக்கவே இல்லை. புக்ககத்தார் என்ன நினைப்பார்களோ என்று அவளுக்குக் கவலை. வேலையில் சேர்ந்த மாசம் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். இலை போட்டுக்கொண்டே, கூடத்தில் இருந்த மாமனார் காதில் விழாதபடி சொன்னாள்: "யாராவது கேட்டா மவுண்ட் ரோட்டுல குமாஸ்தான்னு மட்டும் சொல்லு அண்ணா. குழிக்குள்ள உக்காந்துண்டு இருக்கேன்னு எங்காத்து மனுஷாகிட்ட சொல்லாதே."

பென்சில் ஓட்டை

தெற்கேயிருந்து ஒரு ஜமீன்தார் வந்தார். வாங்கப்போகிற துப்பாக்கியைத் தானே சுட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பெரிய மனிதர் கேட்டால் மறுக்க முடியுமா? குடை பிடிக்க ஒருவர், வெற்றிலைப் பெட்டிக்கு ஒருவர், காரியஸ்தர் ஒருவர் என்று ஒரு ஊர்வலமே கொட்டகைக்குள் நுழைந்தது. ஐந்து குண்டு சுட்டார். அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை; மண்மேட்டில் மட்டும் ஐந்து இடத்தில் புழுதி கிளம்பிற்று. குண்டு அட்டையில் படாவிட்டால் கொடியை இரண்டு பக்கமும் ஆட்டவேண்டும் என்பது முறை. நான் ஐந்து தரமும் ஆட்டினேன். ஜமீன்தார் அதைத் தமக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தரமும் எழுந்து நின்று பதிலுக்குக் கை அசைத்தார் என்று பாய் பிறகு சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் காரியஸ்தர் மூச்சு வாங்கக் குழிக்கரைக்கு வந்து சேர்ந்தார். அட்டையைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. பென்சிலால் கறுப்பு வட்டத்தைச் சுற்றி ஐந்து குத்துக் குத்திக் கொடுத்துவிடும்படி கெஞ்சினார். குண்டு துளைத்த ஓட்டையின் விளிம்பில் ஈயம் உரசிய சாம்பல் வளையம் இருக்கும், பென்சில் ஓட்டையில் இருக்காது, பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் என்று நான் சொன்னேன். அந்தக் காலத்தில் எனக்கு நேர்மையில் அத்தனை கர்வம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீரு அஞ்சு தடவ கொடி ஆட்டினதுல எசமான் குளுந்து போய்க் கெடக்காரு. அந்தக் குளுமையக் கெடுக்காம இருக்க ஒரு வழி சொல்லும்யா."

வக்கீலுக்குப் பிடித்த துப்பாக்கி

மாம்பலத்தில் புதிதாக மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு மயிலாப்பூர் வக்கீல், கட்சிக்காரர் ஒருவரோடு மலைக்கு வேட்டைக்குப் போவதற்காகத் துப்பாக்கி தேடினார். ஊருக்குத் திரும்பிப் போன யாரோ ஒரு துரை விற்றுவிட்டுப் போன இரண்டு பழைய துப்பாக்கிகள் கடையில் இருந்தன. இரண்டையும் பாய் சுட்டார். முதலாவதில் ஐந்து குண்டும் ஒன்றரை அங்குலத்துக்குள் நெருங்கி விழுந்தன. ஆனால் கறுப்பு வட்டத்துக்கு அரை அடி இடது பக்கத்தில். இரண்டாவதில் ஒரு குண்டு கறுப்பின் நட்டநடுவில். மற்ற நாலும் நாலு திசைக்கு ஒன்றாக ஓடியிருந்தன.

வக்கீலுக்குக் கடையில் வைத்து நான் விளக்கினேன். முதல் துப்பாக்கி நல்ல ஜாதி, குறி பார்ப்பதற்காக அதன் நுனியில் இருக்கும் குறிமுள்தான் நகர்ந்திருக்கிறது, சுத்தியலால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினால் கொத்து அப்படியே கறுப்புக்கு வந்துவிடும் என்றேன். இரண்டாவதற்குக் குழாயிலேயே கோளாறு, அதற்கு வைத்தியம் கிடையாது, நடுவில் பட்டது தற்செயல் என்றேன். துப்பாக்கியை ஒரு குண்டால் எடைபோடக்கூடாது, ஐந்தும் சேர்ந்து நிற்கிறதா என்பதுதான் விஷயம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அஞ்சு சாட்சியும் ஒரே மாதிரி தப்பாச் சொன்னா கேஸ் தோத்துப்போயிடும் ஓய். நாலு பேர் உளறினாலும் ஒருத்தன் நெஜத்தைச் சொன்னாப் போறும். எனக்கு ரெண்டாவதையே குடும்."

நாலாவது குண்டு

என் மனைவி கல்யாணமான மூன்றாம் வருஷம் பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரே ஒரு அறை வைத்துக்கொண்டு இருந்தேன். விடியற்காலையில் நானே பொங்கி, தயிர்சாதம் பிசைந்து தூக்கில் எடுத்துக்கொண்டு கிளம்புவேன். சில நாள் பால்காரரிடம் போதும் என்று சொன்ன வார்த்தைக்குப் பிறகு சாயங்காலம் வரையில் வாயிலிருந்து இன்னொரு வார்த்தை வந்திருக்காது. தனியாக இருக்கிறவர்களுக்கு இது தெரியும். தொண்டை துருப்பிடித்துவிடும், வழியில் யாராவது மணி கேட்டால் முதல் எழுத்து வெளியே வராது.

அப்படிப்பட்ட எனக்கு அந்த ஐந்து ஓட்டைகள்தான் பேச்சு. பாயின் கொத்து எப்போதும் உருண்டையாக, நெல்லிக்காய் உள்ளே அடங்குகிற மாதிரி இருக்கும். நோன்பு மாசத்தில் பிற்பகலுக்கு மேல் கொஞ்சம் அகலும். மகளுக்கு வரன் திகைந்த வாரத்தில் எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் ஒன்றரை அங்குலம்தான். மத்தியானம் அவர் கொட்டகையில் சாப்பிடுவார், நான் குழியில் சாப்பிடுவேன். சாப்பிட்டு முடித்ததும் நான் கொடியை ஒரு தரம் உயர்த்துவேன். அவர் தலையில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்து ஒரு தரம் வீசுவார். மானேஜர் சட்டத்தில் அதற்கு அர்த்தம் கிடையாது. எனக்கு அன்றைய சாப்பாடு அதற்குப் பிறகுதான் ஜீரணமாகும்.

ஒரு நாள் மூன்று துப்பாக்கிகளிலும் நாலாவது குண்டு மட்டும் மேலே போயிற்று. முதல் மூன்றும் ஒழுங்கு, ஐந்தாவதும் ஒழுங்கு. துப்பாக்கிக்கு இப்படி எண்ணிப் பார்த்துத் தப்புச் செய்யத் தெரியாது. சாயங்காலம் வண்டியண்டை போனபோது, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று மெல்லக் கேட்டேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மகன் கப்பலேறி ரங்கூனுக்குப் போகப் போவதாக முந்தின நாள் சொல்லிவிட்டானாம். மூன்று குண்டு வரைக்கும் மனசை அடக்கி வைக்க முடிகிறது, நாலாவதில் பையன் முகம் வந்துவிடுகிறது என்றார். "எம் பொண்டாட்டிகிட்டயே இன்னும் சொல்லல ஐயரே. நூறு கெஜத்துக்கு அப்பால குந்திகினு உனக்கு எப்டித் தெரிஞ்சிது?"

பெட்டி நிறைந்தது

பத்தாம் வருஷம் வரையில் என் தகரப் பெட்டியின் அடி தெரிந்துகொண்டே இருந்தது. பதினோராம் வருஷம் ஐப்பசியிலிருந்து அது நிறைய ஆரம்பித்தது. வாரத்துக்கு இரண்டு துப்பாக்கி தேறாமல் போயிற்று. பிறகு மூன்று, நாலு. மழையில் மணல் மூட்டை நனைந்து இறுகிவிட்டது என்று நினைத்தேன். தோட்டாவுக்கு ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்தேன். மழை நின்றது, மூட்டைகளையும் மாற்றினார்கள், தோட்டாவும் புதுப் பெட்டியிலிருந்து வந்தது. பெட்டி மட்டும் நிறைந்துகொண்டே போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டைகளையெல்லாம் அறைக்கு எடுத்துவந்து தரையில் பரப்பிப் பார்த்தேன். துப்பாக்கிக்குத் துப்பாக்கி நோய் வேறு. கட்டையில் திருகாணி தளர்ந்திருந்தால் கொத்து இரண்டாகப் பிரிந்து நிற்கும். குழாய் சூடேறி வளைந்தால் ஒவ்வொரு குண்டும் முந்தினதுக்கு மேலே ஏறிக்கொண்டே போகும். காற்றடித்தால் பக்கவாட்டில் பரவும். தரையில் கிடந்த அட்டைகளில் அப்படி எதுவும் இல்லை. எல்லாக் கொத்தும் மேலும் கீழுமாக, நிறுத்தி வைத்த குச்சிபோல் நீண்டிருந்தன. சின்னத் துப்பாக்கி, பெரிய துப்பாக்கி, புதுசு, பழசு எல்லாவற்றுக்கும் ஒரே நோய். அத்தனைக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். துப்பாக்கி நுனியில் இருக்கும் குறிமுள் மங்கலாகத் தெரிந்தால் சுடுகிறவர் ஒரு தரம் அதைத் தூக்கிப் பிடிப்பார், ஒரு தரம் தாழ்த்திப் பிடிப்பார். பாயின் கண் மங்கிக்கொண்டிருந்தது. அட்டைகளைப் பொறுக்கி அடுக்கி வைத்துவிட்டு அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாள் சாயங்காலம், கொட்டகையில் புழுதி ஜாஸ்தியோ, கண்ணை உறுத்துகிறதோ என்று கேட்டுப் பார்த்தேன். பங்குனி மாசம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பாய் வண்டியில் ஏறி உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "புழுதி இல்ல ஐயரே, பனிதான் இந்த வருசம் ஜாஸ்தியா கீது. பத்து மணி வரைக்கும் உன் அட்டையே தெரியமாட்டேங்குது."

மானேஜரின் கேள்வி

ரிப்பேருக்கு வந்த ஒரு தேயிலைத் தோட்டத் துரையின் துப்பாக்கி எங்களிடம் தேறவில்லை. துரை அதை வாங்கிக்கொண்டு போய் மலையில் தம் சிநேகிதர் ஒருவரிடம் கொடுத்துச் சுடச் சொல்லியிருக்கிறார். இரண்டு அங்குலக் கொத்து. அந்த அட்டையையும், காரமாக ஒரு கடிதத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார். மானேஜர் என்னைக் கடைக்குக் கூப்பிட்டு இரண்டு அட்டைகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஆள்தான் தப்பு என்று சொன்னால் பாய் அன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவருக்காகப் பயந்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மையில் எனக்காகத்தான் பயந்தேன். அவர் போய்விட்டால் மத்தியானத்தில் துண்டு வீச யார் இருக்கிறார்கள்? சாயங்காலம் இரண்டு நிமிஷம் யாரிடம் பேசுவேன்? பால்காரரோடு என் சம்பாஷணை முடிந்துவிடும். நான் கைகட்டி நின்றேன். மானேஜர் பொறுமையான மனிதர், குரலை உயர்த்தவில்லை. "அளவு தப்பா, துப்பாக்கி தப்பா, சுடற ஆள் தப்பா? மூணுல ஒண்ணுதான் இருக்க முடியும். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம் தரேன், யோசிச்சுச் சொல்லும்."

பொய் அளவு

யோசிக்க என்ன இருக்கிறது? மறுநாளிலிருந்து பொய் எழுத ஆரம்பித்தேன். நாலரை அங்குலத்தை இரண்டே முக்கால் என்று எழுதினேன். மேலே போன குண்டுக்குத் தகட்டை நடுவில் காட்டினேன். தேறின துப்பாக்கியோடு அட்டையும் போகவேண்டுமே என்று, பாயின் நல்ல காலத்தில் ஆசைக்காக எடுத்து வைத்திருந்த பழைய அட்டைகளில் நாலைந்தைக்கூடப் பொறுக்கிச் சேர்த்து அனுப்பினேன். ஜமீன் காரியஸ்தரிடம் சாம்பல் வளையத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்த அதே ஆசாமிதான். இரண்டு நாளில் எல்லாத் துப்பாக்கிகளும் தேறிவிட்டன. அதுதான் ஆபத்து. அளவில் பொய் வந்துவிட்டால் நல்ல துப்பாக்கியும் கெட்ட துப்பாக்கியும் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. அப்படித் தேறினவற்றில் ஒன்று, மலையடிவாரத்தில் ஆட்களைப் பிறாண்டிக்கொண்டிருந்த ஒரு கரடியைச் சுடப் போகிறவருடையது.

அதைப் பாய் சுட்டு முடித்து நான் தகட்டை இறக்கின கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே மண் சரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் குழிக்கரையில் பாய் நிற்கிறார். பதினோரு வருஷத்தில் முதல் தரம். நூறு கெஜத்தையும் வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். கையை ஊன்றி உள்ளே இறங்கினார். என் மடியிலிருந்த அட்டையை எடுத்து மூக்கண்டை வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஓட்டைகளைத் தடவினார். கட்டை விரலை அடி ஓட்டையிலும் ஆள்காட்டி விரலை மேல் ஓட்டையிலும் வைத்து என் முன்னால் நீட்டினார். பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த சீட்டில் மை காயவில்லை.

சுடத் தெரிந்தவருக்கு ஒரு பழக்கம் உண்டு. விசையை இழுத்த அந்தக் கணமே குண்டு எங்கே போகிறது என்று தோளுக்குத் தெரிந்துவிடும். தகடு அதைச் சரிபார்க்கத்தான். இது தெரிந்திருந்தும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. பாய் திட்டவில்லை. என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். "கண்ணு போய்க்கினு கீதுன்னு எனக்குத் தெரியும் ஐயரே. தோளு போவல. கடைசி குண்டு மேல போச்சு, நீ நடுவுல காட்டினே. என்னக் காப்பாத்தறதுக்கு இத்த எழுதிட்டே சரி, கரடிக்கு எதிர்ல போய் நிக்கிற மனுசனுக்கு இன்னா பதில் சொல்லுவே?"

இடம் மாற்றம்

துப்பாக்கி தப்பா, ஆள் தப்பா என்று தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான்: அதே துப்பாக்கியை வேறு ஒருவர் சுடவேண்டும். பொட்டலில் வேறு யார் இருக்கிறார்கள்? வண்டிக்காரர் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார். பாய் என்னைப் பார்த்தார். நான் தீபாவளிக்கு வெடிகூட வைத்தவன் இல்லை என்று சொன்னேன். மூட்டைமேல் சாய்த்துக்கொள், மூச்சை விட்டுவிட்டு நிறுத்து, குறிமுள்ளைக் கறுப்புக்கு அடியில் வை, விசையை எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி இழு, மற்றதைத் துப்பாக்கி பார்த்துக்கொள்ளும் என்று நாலு வார்த்தை சொல்லி அனுப்பினார். கொடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அந்த நூறு கெஜத்தை நான் கொட்டகைப் பக்கமாக நடந்தது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தால் என் குழி கண்ணுக்கே தெரியவில்லை. அதற்குள் ஒரு மனிதன் இருப்பான் என்று யாரும் நினைக்க முடியாது. வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு மூட்டைமேல் சாய்ந்தேன். முதலில் என் கை எப்படியென்று பார்க்க ஒரு புதுத் துப்பாக்கி, பிறகு கரடிக்காரருடையது. தோள் வீங்கிவிட்டது. ஒவ்வொரு குண்டுக்கும் தூரத்தில் தகடு எழும்பும். தடவித் தடவி நேரம் எடுத்துக்கொண்டு, கடைசியில் ஒரு இடத்தில் நிற்கும். அது எழும்பும் வரையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பத்துக் குண்டும் முடிந்து குழிக்குத் திரும்பினபோது பாய் விரலாலும் என் அளவுகோலாலும் அளந்து உருது எண்ணில் எழுதி வைத்திருந்தார். புதுத் துப்பாக்கி இரண்டேகால் அங்குலம், கறுப்புக்குக் கீழே இடது பக்கம், உருண்டைக் கொத்து. கரடிக்காரருடையது ஆறு அங்குலம், இரண்டு பிரிவாக. திருகாணி தளர்ந்திருக்கிறது, முடுக்கவேண்டும் என்றார். நான் பொய் எழுதித் தேற்றின மற்றத் துப்பாக்கிகளையும் கடையிலிருந்து திரும்ப வரவழைத்து, அந்த வாரம் முழுவதும் என்னையே சுட வைத்தார். அவை வாடிக்கைக்காரரிடம் இன்னும் போகாதது என் அதிர்ஷ்டம்.

வெள்ளிக்கிழமை மானேஜரிடம் நான் போவதற்கு முன்னால் பாயே போய்விட்டார். ஆள்தான் தப்பு என்று சொல்லித் தாமே விலகிக்கொண்டார். என் பொய்யைப் பற்றி மூச்சு விடவில்லை. கொட்டகைக்கு என்னைப் போடும்படியும் சொல்லிவிட்டு வந்திருந்தார். சாயங்காலம் தம் துண்டையும் தொழுகை விரிப்பையும் எடுத்துப்போக வண்டியில் வந்தார். மன்னிப்புக் கேட்க நினைத்தவன், விரிப்பைச் சுருட்டி வண்டியில் வைத்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் ஒரு தரம் குழிப் பக்கம் பார்த்தார். அங்கே அவருக்கு என்ன தெரிந்திருக்குமோ. "இந்த ஒரு வாரம் உன் குழில குந்திகினு இருந்தேன் பாரு, ஒரு குருவி கத்தினாலும் யாரோ வந்துட்டாங்கன்னு தலய தூக்கிப் பாக்கறேன். பதினோரு வருசம் நீ இதுலயா இருந்தே? ஒரு நாளாச்சும் சொல்லியிருந்தா, சட்டமாவது ஒண்ணாவதுன்னு உன்னாண்ட வந்து குந்தியிருப்பேனே ஐயரே."

பாய் சிந்தாதிரிப்பேட்டையில் மகள் வீட்டோடு போய்விட்டார், கொட்டகையில் இப்போது நான்தான் சுடுகிறேன், குழியில் புதுசாக ஒரு பையன் அளக்கிறான். கொத்து இரண்டரை அங்குலத்தைத் தாண்டுவதில்லை என்று மானேஜருக்குப் பரம திருப்தி, நாலாவது குண்டு ஏன் மேலே போயிற்று என்று கேட்கத் தெரிந்த ஆள்தான் குழியில் இல்லை.